பல்லைப் பிடித்துப் பார்த்தல்

எமில் ராடமாக்கரின் கொட்டகையில்
பீன்ஸ் மூட்டைகளுக்குப் பின்னால்
பதினெட்டு அடி நீளத்துக்குக் கிடந்தது
அறுபத்து நான்காம் வருடத்து லிங்கன் கான்டினென்டல்.
கூரைமேல் கோழி எச்சம்,
பின்சீட்டுக்குள் எலிக்குஞ்சுகள்,
டிக்கியில் யாரோ விட்டுப்போன
ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ.
"ஓடுமா?" என்றேன்.
"நிறுத்தினபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது"
என்றார் எமில்.
ஆயிரத்து எண்ணூறு டாலர்.
கோழிகளை இறக்கிவிடுவது என் பொறுப்பு.

சாகினாவில் அந்த நவம்பர் முழுக்க
நானும் ஜோலீனும் சுரண்டினோம்.
துருவுக்கு அடியில் இரும்பு இருக்கும் என்று நம்புகிறவர்கள்
இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள்.
எங்களுக்கு கராஜின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
பம்பருக்கு குரோம் பூச மட்டும் இரண்டாயிரத்து நூறு.
ஸ்டியரிங் எண்ணெயில் இயங்குகிற வைப்பர் மோட்டாருக்கு
அரிசோனாவில் ஒரே ஒரு ஆள்,
அவனும் ஃபோனை எடுப்பது வியாழக்கிழமைகளில்.
ஜோலீன் எல்லாவற்றையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவந்தாள்.
பிப்ரவரியில் சுவர் முடிந்து
கணக்கு கதவுக்கு வந்துவிட்டது.

மார்ச்சில் ஒரு ராத்திரி எஞ்சின் பிடித்தது.
முதலில் இருமல்.
பிறகு சைலன்ஸர் வழியாக
ஒரு முழு வால்நட்டைத் துப்பியது.
எந்த எலி எந்தக் குளிருக்குச் சேர்த்ததோ.
ஜோலீன் அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்,
வரவில் எழுதவில்லை.

மைல் மீட்டரில் ஐந்தே கட்டங்கள்.
31,417.
விளம்பரத்துக்கு அழகான எண்.

மறுநாள் ஓட்டுநர் கதவின் விளிம்பைத் துடைத்தபோது
ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒன்று மேலே வந்தது:
அக்டோபர் 1969. 88,210.
நீல மை, அவசரமான கையெழுத்து.

ஒன்பதுகள் ஐந்தும் ஒரே சமயத்தில்
பூச்சியங்களாகப் புரண்டபோது
யார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்,
பார்த்தார்களா,
பக்கத்து சீட்டில் சொல்வதற்கு ஆள் இருந்ததா.

"பழுப்புக் காகிதம். ஒரு நிமிட வேலை,"
என்றாள் ஜோலீன். பிளேடு மேஜைமேல்தான் இருந்தது.
ஒரு நிமிடத்துக்கு நாலாயிரம் டாலர்.
எனக்கு அப்படிக் கூலி கொடுத்தவர் யாரும் இல்லை.
கராஜுக்கு ஐந்து மாத வாடகை பாக்கி.

மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.
கார் வாங்குகிறவன் பிரேக் பெடலைப் பார்க்க வேண்டும்.
அதன் ரப்பர் வலது மூலையில்
இரும்பு பளபளக்கும்வரை தேய்ந்திருந்தது.
முப்பதாயிரம் மைலில் எந்தக் காலும்
அப்படித் தேய்க்க முடியாது.
புது ரப்பர் பதினான்கு டாலர். மாட்டினேன்.
பாதுகாப்புக்காகத்தான்.
பாதிக்கு மேல் பாதுகாப்புக்காகத்தான்.

ஸ்டிக்கரில் கை வைக்கவில்லை.

துல்சாவிலிருந்து டிரெய்லரோடு வந்தார் ஹாஸ்கல் ப்ரூயிட்.
பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறப்பதை
மூன்று தடவை திறந்து மூடி ரசித்தார்.
பம்பரில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
பெடல் பக்கம் குனியவே இல்லை.
"முப்பத்தோராயிரம்தானா?"
"கதவு விளிம்பைப் படியுங்கள்" என்றேன்.
பனி தள்ளிவிட்டு வருவதாக
மண்வெட்டியோடு வெளியே போனாள் ஜோலீன்.
ஏப்ரல் இருபது. பனி எங்கேயும் இல்லை.

கண்ணாடி மாட்டி, உதட்டசைத்துக் கூட்டிப் பார்த்து,
மூவாயிரத்து ஐந்நூறு குறைத்தார்.
"எப்படியும் நான் ஓட்டப்போவதில்லை" என்றார்.
ஏ.சி. போட்ட கொட்டகையாம்.
ஏற்கெனவே ஒன்பது கார்கள் நிற்கின்றனவாம்.
கோழிகள் கிடையாது.

எல்லாம் போக மிச்சம் எழுநூற்றுப் பதினோரு டாலர்.
இரண்டு மாத வாடகை அடைந்தது.
ஜோலீன் இரண்டு நாள் பேசவில்லை,
மூன்றாம் நாள் வால்நட்டை உடைத்தாள்,
உள்ளே தூள்.

கணக்கு எழுதிய கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது.
பழைய பெடல் ரப்பரை அடியில் செருகியிருக்கிறேன்.
தேய்ந்த மூலை உள்ளே போகும்படி வைத்தால்தான்
நிற்கிறது.